‘நம்ம’ என்று சொல்கிறவள்

அவள் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கடையில் எல்லோரும் அவளை ஃபேக்டரிக்கா என்று கூப்பிட்டார்கள். பெட்டாலிங் ஜெயா பக்கம் ஒரு ஃபேக்டரியில் பத்து வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடி மாதிரி வயருக்கு ஈயம் வைத்தவள். கண் மங்கியதும் அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் கடைக்கு வந்தாள். வேலையை விட்டாளே தவிர ஃபேக்டரியில் கொடுத்த நீலச் சட்டையை விடவில்லை. எந்த உடுப்பு போட்டாலும் அதற்கு மேலே அந்தச் சட்டை இருக்கும். பையில் ஒரு டார்ச் லைட் பேட்டரி இருக்கும். அந்தப் பேட்டரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் கடை கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுவோம். முதலாளி சீனர். தவுக்கே என்போம். நான் அங்கே ஒன்பது வருடம் வேலை செய்த பிறகு அவள் வந்தாள். எனக்குப் பிறகுதான் வந்தாள். இதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. அதனால் சொல்கிறேன்.

நான் மரம் ஏறுவேன். கூரை ஏறுவேன். பெட்டி தூக்குவேன், வயர் இழுப்பேன். அவள் உட்கார்ந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயரைத் திறந்து ரிப்பேர் செய்வாள். எதையும் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துத்தான் பார்ப்பாள். பார்க்கிறாளா, மோந்து பார்க்கிறாளா என்று சந்தேகம் வரும்.

அவள் வாயில் ‘நான்’ வராது. ‘உங்க’ வராது. எல்லாமே ‘நம்ம’தான்.

“நம்ம மழை வந்துருச்சு, துணிய எடுங்க.”

“நம்ம தவுக்கேக்கு இன்னிக்கு மூடு சரியில்ல லா.”

“நம்ம வீட்டுல நேத்துலேருந்து தண்ணி வரல.”

அது யார் வீடு என்று யாருக்கும் தெரியாது. பூச்சோங்கில் அக்கா வீட்டில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியவே இரண்டு வருடம் ஆனது.

ஒரு தடவை எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. கன்னம் பன் மாதிரி ஆனது. அவள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், “நம்ம பல்லு புடுங்கணுமாம், பாவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துப் பாசாரில் மீன் விற்கிறவர் கடைக்கு வந்தார். நேராக அவளிடம் போனார்.

“என்னக்கா, பல்லு புடுங்கியாச்சா? சாப்புட முடியுதா?”

“முடியுதுங்க. நம்ம அண்ணன்தான் இன்னும் கஞ்சி குடிக்கிறாரு.”

வலித்தது எனக்கு. நலம் விசாரித்தது அவளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு பக்கம்தான் வாய் திறந்தது.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் கடை போன் அடிக்கும். எடுப்பேன்.

“ஹலோ, ஃபேக்டரிக்கா இருக்காங்களா?”

“இல்ல, வெளிய போயிருக்கு. என்னா வேணும், சொல்லுங்க.”

“பரவால்ல லா அண்ணே. அவங்க வந்ததும் பண்றேன்.”

ஒன்பது வருடம் அந்த போனை எடுத்தவன் நான்.

கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ஸ்பீக்கர் எல்லாம் நான்தான் கட்டினேன். மைக்கைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஐயர் மந்திரம் சொன்னால் மந்திரத்துக்குப் பின்னால் மாடு நிற்கிற மாதிரி இருந்தது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். வேர்த்து ஊற்றியது. பெண் வீட்டுக்காரர் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, “என்னாப்பா இது, மாடு கத்துது?” என்றார். கடைக்கு போன் போட்டார்கள். அவள் பஸ் ஏறி வந்தாள். வந்தவள் ஆம்ப்ளிஃபயரைத் தொடவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். குனிந்தாள். மைக் வயரும் லைட் வயரும் ஒன்றாகப் படுத்திருந்தன. மைக் வயரைக் காலால் ஓரடி தள்ளிவிட்டாள். மாடு போய்விட்டது.

பெண் வீட்டுக்காரர் கையைக் கூப்பிவிட்டார். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

“நம்ம அண்ணன் கட்டுனதுங்க. நல்லாத்தான் கட்டியிருக்காரு. நம்ம வயருதான் கொஞ்சம் படுத்துருச்சு.”

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவள் ஜெயித்ததில் பாதியைக் கிள்ளி என் இலையில் வைத்தாள். அதை முழுங்கத்தான் முடியவில்லை. அன்று கல்யாணச் சாப்பாடு சாப்பிடாமல் வேனில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒரு பொட்டலத்தில் வடையும் பாயசமும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நம்ம சாப்புடலையே அண்ணே.”

நான் வாங்கிக்கொண்டேன். பசி.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். “ஏம்மா, உனக்கு நான், நீன்னு பேசவே வராதா?”

அவள் ஈயம் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். “ஃபேக்டரில பழகுனதுண்ணே. லைன்ல பத்து பொண்ணுங்க. ஒரு போர்டு கெட்டுப் போச்சுன்னா சூப்பர்வைசர் வந்து யாரு செஞ்சான்னு மலாய்ல கேப்பாரு. ‘நான்’னு சொன்னா ஒருத்தி வீட்டுக்குப் போவணும். ‘காமி’ன்னு சொன்னா பத்து பொண்ணுங்களும் மாட்டிக்கும். அதனால நம்ம எல்லாரும் ‘கித்தா’ன்னு சொல்லிருவோம்.”

மலாயிலும் தமிழ் மாதிரியே இதற்கு இரண்டு வார்த்தை இருக்கிறது. காமி என்றால் நாங்கள். கேட்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. கித்தா என்றால் நாம். கேட்கிறவரும் அதில் சேர்ந்துவிடுவார்.

“அப்ப சூப்பர்வைசரும் சேந்து செஞ்சதா ஆவுதுல்ல?” என்றேன்.

“அதான். அவரே செஞ்ச தப்புக்கு அவரு யாரப் போயி திட்டுவாரு?” அவள் சிரித்தாள். சுடு ஊசியை ஈரப் பஞ்சில் தேய்த்தாள். ‘சுர்’ என்று ஒரு சத்தம். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தச் சத்தம் கடையில் கேட்கும்.

என் அப்பா இறந்தபோதும் அவள் வந்தாள். அப்பா தோட்டத்தில் கித்தா வெட்டியவர். ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம். தமிழில் எழுதினால் அந்தக் கித்தாவும் இந்தக் கித்தாவும் ஒன்றுதான். அப்பாவை நடு வீட்டில் கிடத்தியிருந்தோம். அவள் நீலச் சட்டையோடு வந்து கால்மாட்டில் நின்றாள். “நம்ம அப்பா போயிட்டாரே” என்று அழுதாள். நல்ல அழுகை. வந்திருந்த சொந்தக்காரர்கள் அவளைத்தான் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மகன் நான். ஓரமாக நின்று, ‘அது என் அப்பா’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நினைத்தது அது ஒன்றுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எல்.ஆர்.டி. ரயிலுக்குத் தூண் ஊன்றிக்கொண்டிருந்த வருடம். நாள் முழுக்க ‘டொம், டொம்’ என்று தரை அதிரும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒருவர் கடைக்குள் வந்தார். மலாய்க்காரர், முப்பது வயது இருக்கும். கல்லூரியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவர். மலாயில் வாத்தியாரை சிகு என்பார்கள். நாங்களும் சிகு என்றே கூப்பிட்டோம். அவர் முதலில் பேசியது என்னிடம். தவுக்கே டீ குடிக்கப் போயிருந்தார். அவள் வரவில்லை. நான் மட்டும் இருந்தேன்.

சிகு சொன்னது இது. கிள்ளானில் ஆற்றோரம் ஒரு பழைய கொப்பரைக் கிடங்கு சும்மா கிடக்கிறது. அதற்குள் சுற்றிலும் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தொங்கவிட வேண்டும். ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு சத்தம் கொடுப்பார்கள். தேங்காய் துருவுவது, ரயில், தவில், பூ மார்க்கெட்டில் தண்ணீர் தெளிப்பது, எதுவானாலும் சரி. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். கம்ப்யூட்டர் அந்தச் சத்தங்களை நீட்டி, குறுக்கி, அடுக்கி, தானே இசையாக்கும். ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. வாசிக்க ஆள் கிடையாது. ஜனங்கள் உள்ளே வந்து நின்று கேட்கலாம், நடந்துகொண்டே கேட்கலாம்.

இரண்டு கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். நான் முடியும் என்றேன். முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் முடியும் என்றேன். இந்த வேலையைப் பிடித்தது நான்.

தவுக்கே வந்ததும் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பாடுகிறவன் இல்லை, மைக் இல்லை, இது என்ன கச்சேரி என்றார்.

“மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்” என்றேன் நான்.

அவள் அப்போதுதான் உள்ளே வந்தாள். “யாரு கல்யாணம்ணே?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அப்ப நம்ம கல்யாணம்தான்” என்றாள்.

போயிற்று. அந்த நிமிடத்திலிருந்து அது என் வேலை இல்லை.

இரண்டு வாரம் கிள்ளானில் வேலை. கிடங்குக்குள் இன்னும் கொப்பரை வாசம் இருந்தது. கம்ப்யூட்டரிலிருந்து வருவது இரண்டே வயர். அதை இருபத்து நான்கு பெட்டிக்குப் பிரித்துக் கொடுத்தது நான். உத்தரத்தில் ஏறி ஒவ்வொரு பெட்டியையும் சங்கிலியில் தொங்கவிட்டது நான். பெட்டியின் முகம் கீழே நின்று கையை நீட்டினால் எட்டும். பின்னால், உச்சியில் இரண்டு திருகு இருக்கும், ஏணி போட்டால்தான் எட்டும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சிவப்பு வயர் சிவப்பில் போக வேண்டும், கறுப்பு கறுப்பில். மாறிப் போனால் அந்தப் பெட்டி மற்றதுக்கு எதிராக வேலை செய்யும். அது தள்ளும்போது இது இழுக்கும். சத்தம் வரும், ஆனால் நடுவில் நின்று கேட்டால் அதற்கு வயிறு இருக்காது, அடிக் கனம் போய்விடும். அவள் ஏணிக்குக் கீழே நின்று பேட்டரியை வயரில் தொடுவாள். உள்ளே இருக்கிற காகிதக் கூம்பு வெளியே தள்ளினால் சரி. அவளுக்குக் கண் மங்கல், நான் பார்த்துச் சொல்வேன்.

“தள்ளுதாண்ணே?”

“தள்ளுது.”

“நம்ம சரி.”

இருபத்து நான்கு தடவை. அந்த இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

ஆளுக்கு ஒரு சத்தம் கொடுக்க வேண்டும் என்று சிகு எங்களையும் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. சுடு ஊசியை ஈரப் பஞ்சில் தேய்த்தாள். ‘சுர்.’ அவ்வளவுதான். நான் மூன்று நாள் யோசித்தேன். பிறகு என் குரலைக் கொடுத்தேன். “சோதனை, சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று.” இருபது வருடம் திருவிழாவில் நான் சொன்னது அது. என் குரல் கேட்டதும் ஜனங்கள் பேச்சை நிறுத்த மாட்டார்கள். அது ஆளில்லாத குரல். ஒரு தடவையாவது யாராவது நின்று கேட்கட்டும் என்று கொடுத்தேன்.

சிகு கம்ப்யூட்டரை ஓடவிட்டார். முதலில் ரயில் வந்தது, ரொம்ப நீளமாக, முடியாத ரயில். அதற்கு மேல் தவில், சின்னச் சின்னதாக நறுக்கியது. பிறகு நாலா பக்கமும் ‘சுர்.’ மேலே சுர், பின்னால் சுர். மழை ஆரம்பிக்கிற மாதிரி. சிகு கண்ணை மூடிக்கொண்டார். நான் என் குரலுக்காகக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். அவளுடையது பதினொரு தடவை வந்தது. என்னுடையது இரண்டு தடவை. அதிலும் ஒன்று வெறும் “சோத” என்று நின்றுவிட்டது.

“இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒன்ன மட்டும்தான் புடிக்குது போல” என்றேன்.

“அதுக்கு யாரு மேலயும் ஆசை கிடையாதுண்ணே. தாயம் உருட்டுற மாதிரின்னு சிகு சொன்னாரு. விழுந்தா விழும்.”

“ஒனக்கே விழுதே.”

“நாளைக்கு நம்ம சோதனை விழும்.”

மறுநாளும் எண்ணினேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன்.

திறப்பு விழாவுக்கு முன்னால் சிகு வந்து, வாசலில் போர்டு வைக்கப்போவதாகச் சொன்னார். வேலை செய்தவர்கள் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். என் பெயரை அட்டையில் எழுதினேன். முதலில் தமிழில், அதற்குக் கீழே ரூமியில், அதாவது மலாய் எழுதுகிற இங்கிலீஷ் எழுத்தில். மூன்று அட்டை கெட்டது. நாலாவது நன்றாக வந்தது. என் பெயரை எந்த போர்டிலும் நான் பார்த்ததில்லை. எத்தனை திருவிழா, எத்தனை நோட்டீஸ். ஒலிபெருக்கி என்று கடைப் பெயர் வரும். ஆள் பெயர் வராது.

அட்டையை சிகுவிடம் கொடுத்தேன். அவள் பக்கத்தில் இருந்தாள். அவளிடமும் கேட்டார்.

“பேரெல்லாம் எதுக்கு சிகு? சத்தம் கொடுத்தவங்க நூறு பேரு. ஒருத்தர் விட்டுப் போனா மனசு கஷ்டமாயிரும். ‘கித்தா’ன்னு போட்டாப் போதும்” என்று மலாயில் சொன்னாள்.

சிகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைதட்டினார்.

போர்டு வந்தது. பெரிய போர்டு. வெள்ளையில் கறுப்பு எழுத்து, ரூமியில் ஒரே வார்த்தை: கித்தா. வேறு ஒன்றும் இல்லை. சிகு தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பூ மார்க்கெட்டிலிருந்து தண்ணீர்ச் சத்தம் கொடுத்த அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“கித்தாவா? இங்க என்னா ரப்பரு விக்கப் போறாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா கித்தா வெட்டிச் செத்தார். நான் கித்தாவில் காணாமல் போனேன். என் அட்டை சிகுவின் மேசையில், டீ கிளாஸுக்கு அடியில் இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். கிள்ளானிலிருந்தும் சுபாங் ஜெயாவிலிருந்தும் வந்தார்கள். தேங்காய் துருவியவர் தன் சத்தம் வந்ததும், “ஏய், அது நானு!” என்று கத்தினார். பிள்ளைகள் சத்தத்துக்குப் பின்னால் ஓடின. தமிழ்ப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்திருந்தார். வெளியே தூறல். அவர் குடையை மடக்கி என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, இத கொஞ்சம் புடிங்க.”

பிடித்தேன். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு அவளிடம் போனார். நான் குடையோடு அவர் பின்னால் போனேன்.

“இதெல்லாம் யாரும்மா செஞ்சது?”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “நாங்க செஞ்சோம்” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. நாங்க. அவள் பக்கத்தில் சிகு நின்றார். அவளுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருந்தது. எதிரே நிருபர். நிருபருக்குப் பக்கத்தில் நான். கையில் குடை. மழைக்கும் பல்லுக்கும் அப்பாவுக்கும் ‘நம்ம.’ நான் ஏணியில் ஏறி இறங்கிய இந்த ஒன்றுக்கு ‘நாங்க.’

கேமரா பளிச் என்றது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் வெளியே கொட்டகையில் டீயும் பலகாரமும் சாப்பிடப் போனார்கள். கிடங்கில் நான் மட்டும். ஏணி அங்கேயே இருந்தது. ஸ்குரூ டிரைவர் என் பையில் இருந்தது. ஒன்று விட்டு ஒன்று. சிவப்பைக் கழற்றிக் கறுப்பில் போட்டேன். கறுப்பைச் சிவப்பில். பன்னிரண்டு பெட்டி. கட்டியதைவிட வேகமாக மாற்றினேன். பிறகு வெளியே போய் ஒரு கறிபாப் தின்றேன். கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தார்கள். அன்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சிகு அதை ஓடவிட்டார். பத்து மணிக்குக் கல்லூரியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் இது கிடங்கில் ஒரு மாதம் இருக்கும். இல்லையென்றால் கழற்ற வேண்டும்.

ரயில் வந்தது. வயிறு இல்லாத ரயில். தகரத்தில் வரைந்த ரயில். தவில் டப்பா மாதிரி கேட்டது. சிகு ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைத் தட்டினார். நிறுத்தினார், மறுபடி போட்டார். வேர்த்துவிட்டது. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, எல்லாம் போய்விட்டது என்று மலாயில் புலம்பினார்.

அவள் கிடங்கு நடுவில் போய் நின்றாள். தலையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். பிறகு சுவரோரமாக நடந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கையை வைத்தாள். மூன்றாவது பெட்டியில் நின்றாள். பையிலிருந்து பேட்டரியை எடுத்தாள். கூம்பு தள்ளுகிறதா என்று என்னைக் கேட்கவில்லை. விரலை வைத்துத் தானே பார்த்துக்கொண்டாள். அடுத்த பெட்டிக்குப் போனாள். அதை விட்டு அடுத்தது. ஒன்று விட்டு ஒன்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தானாக நடந்தால் ஒன்று மாறும், இரண்டு மாறும். இப்படி ஒழுங்காகப் பன்னிரண்டு மாறாது. ஏணி ஏறுகிற ஆள் ஒருவன்தான்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

“கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு சிகு. வயரு மாறியிருக்கு” என்றாள்.

“சியாப்பா துக்கார்?” என்றார் சிகு. யார் மாற்றியது?

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ‘நான்’ என்று சொல்லப் போகிறேன். பயம் இல்லை. அந்தக் கிடங்கில் என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். நான் மட்டும் செய்தது. யாருடைய கையும் படாதது. அதற்குத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, போலீஸைக் கூப்பிட்டாலும் பரவாயில்லை.

“கித்தா” என்றாள் அவள்.

சிகு முழித்தார். “கித்தா?”

“கித்தா” என்றாள் மறுபடியும். வாசலில் இருந்த போர்டைக் காட்டினாள். நாமதான் மாத்தினோம். நீங்களும்தான் என்று அர்த்தம்.

சிகுவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சரி, கித்தாவே சரி பண்ணட்டும், அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றார்.

ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் கீழே நின்றாள். நான் திருகைக் கழற்றினேன். இரண்டு பெட்டி முடிந்தது. மூன்றாவதில் அவள் பேசினாள்.

“நேத்து ஏண்ணே அந்தப் பக்கம் நின்னீங்க?”

“எந்தப் பக்கம்?”

“பத்திரிகைக்காரரு பக்கம். அவருகிட்ட நம்ம செஞ்சோம்னு சொன்னா அவரும் செஞ்சதா ஆயிருமேன்னு ‘நாங்க’ன்னேன். உங்களையும் சேத்துத்தான். சொல்லிட்டுப் பக்கத்துல பாக்குறேன், நீங்க இல்ல. எதிர்ல கொடைய புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க.”

நான் ஏணி மேல் இருந்தேன். கீழே பார்க்கவில்லை.

“தள்ளுதாண்ணே?” என்றாள்.

கூம்பைப் பார்த்தேன். “தள்ளுது.”

“நம்ம சரி.”

பன்னிரண்டு தடவை. பத்து மணிக்குப் பெரிய ஆட்கள் வந்தார்கள். ரயிலுக்கு வயிறு வந்துவிட்டது. அவர்கள் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, திடீரென்று எல்லாச் சத்தமும் நின்று, என் குரல் மட்டும் வந்தது. “சோதனை, சோதனை, ஒன்று, இரண்டு, மூன்று.” முழுதாக. நாலு சுவரிலிருந்தும். கோட்டு போட்ட ஒருவர் தலையை நிமிர்த்திக் கேட்டார். அவள் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை உயர்த்தி என்னிடம், “நம்ம!” என்றாள். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. வேறு எந்த வார்த்தையாகவும் இருந்திருக்க முடியாது.

அது ஒரு மாதம் இருந்தது. பிறகு நான்தான் கழற்றினேன்.

அடுத்த வருடம் அவள் கடையை விட்டுப் போனாள். ஸ்ரீ கெம்பாங்கானில் சொந்தமாக ரிப்பேர் கடை வைக்கப் போவதாகச் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். “அப்ப நம்ம போயிட்டு வரோம்ணே.” போனது அவள் ஒருத்திதான். மறுநாள் போன் அடித்தது. எடுத்தேன். “ஃபேக்டரிக்கா இருக்காங்களா?” என்றார்கள். இல்லை என்றேன். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடையில் ‘சுர்’ இல்லை. நானும் பாதிதான் இருந்த மாதிரி இருந்தது. அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

அவள் என் வலியை எடுத்துக்கொண்டாள். என் அப்பாவை எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றிலும் பாதி. அதையெல்லாம்கூட விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது. அதையும் நம்மதாக்கிவிட்டாள். மன்னிப்பு கேட்கக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை. யாரிடம் கேட்பது? பாதி அவள் செய்தது ஆயிற்றே.

அந்த போர்டில் என் பெயர் வரவில்லை. அதனால் இதில் அவள் பெயர் வராது. இதுதான் காரணம். சின்னப் புத்திதான். தெரியும். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, டீ கிளாஸ் வட்டத்தோடு.

கிள்ளானில், கொப்பரைக் கிடங்கில், பன்னிரண்டு பெட்டிக்கு வயரை மாற்றியது நான். நாம் இல்லை. நான்.